பானகத்துல என்ன கலந்தீங்கன்னு கேட்டாங்க

நம்ம கோயில் பக்தர்கள் எல்லாருக்கும் தண்ணீர் பந்தல் தொண்டர்கள் நாங்க எழுதுறது. கொஞ்சம் நீளமா இருக்கும். பாதியில கோபம் வந்தா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு மீதியைப் படிங்க.

பங்குனி உத்திரம் அன்னிக்கு ராத்திரி பத்தரை மணி இருக்கும். ரதம் கோயிலுக்குத் திரும்பி வந்தாச்சு. நாங்க பந்தல்ல அண்டாவைக் கழுவிக்கிட்டிருந்தோம். அப்ப ஒரு அம்மா வந்தாங்க. எப்பவும் எங்களோட சேர்ந்து எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொடுக்குறவங்கதான், எங்களுக்குத் தங்கச்சி மாதிரி. அன்னிக்கு முகமே வேற மாதிரி இருந்துச்சு. "அண்ணே, பானகத்துல என்ன கலந்தீங்க?"ன்னு கேட்டாங்க.

எங்களுக்கு ஒண்ணும் புரியல. வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை, துளசி. இருபது வருஷமா அதேதான் கலக்குறோம்.

அவங்க மகனுக்கு 17 வயசு. அன்னிக்குக் காலையிலதான் முதல் தடவையா பால்குடம் எடுத்தான். மூணு வாரம் விரதம் இருந்த பையன். ராத்திரி கோயில் பின்பக்கம் மதில் ஓரமா உக்காந்து வாந்தி எடுத்துக்கிட்டிருந்தான். என்னடா சாப்பிட்டேன்னு அம்மா கேட்டதுக்கு, "இஞ்சித் தண்ணிதாம்மா குடிச்சேன்"னு சொல்லியிருக்கான். இஞ்சித் தண்ணின்னா அந்தம்மாவுக்கு எங்க பானகம்தான் ஞாபகம் வரும். வேற எது வரும்? நேரா எங்ககிட்ட வந்துட்டாங்க.

நாங்க ஓடிப்போய்ப் பார்த்தோம். பையன் பக்கத்துல மூணு டின் கிடந்துச்சு. அழகான டின். மஞ்சள் நிறம், அதுமேல இஞ்சிக் கிழங்கு படம், ஒரு கோதுமைக் கதிர். பார்த்தா யாருக்கும் சந்தேகம் வராது, மருந்துக் கடையில விக்கிற இருமல் பானம் மாதிரி இருக்கு. மறுநாள் காலையில குப்பை அள்ளும்போது எண்ணினோம். மதில் ஓரம், உருமி மேளக்காரங்க வேன் நின்ன இடம், செருப்பு வைக்கிற இடத்துக்குப் பின்னால, எல்லாம் சேர்த்து 31 டின். பூவும் வாழையிலையும் கிடக்க வேண்டிய குப்பைப் பையில அதைத்தான் அள்ளினோம்.

அந்தம்மாகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் இதை எழுதுறோம். பேர் போடமாட்டோம். யாரும் கேக்காதீங்க.

இதை நம்ம வாட்ஸ்அப் குழுவுல சொன்னோம். அவ்வளவுதான், ஆரம்பிச்சிட்டாங்க. "அண்ணே, அது பீரே இல்ல, இஞ்சியும் கோதுமையும்தான்." "பானகத்துலயும் இஞ்சி, இதுலயும் இஞ்சி, என்ன பெரிய வித்தியாசம்?" "பெரியவங்களுக்கு இதெல்லாம் தெரியாது, இப்ப எல்லா இடத்துலயும் இது சாதாரணம்." கடைசியா ஒரு தம்பி போட்டாரு பாருங்க: "குடிச்சுப் பார்க்காம பேசாதீங்க."

சரி தம்பி. நியாயமான பேச்சு. குடிச்சுப் பார்த்தோம்.

கொடியிறக்கம் முடிஞ்சு ஒன்பது நாள் கழிச்சு, கோயில்ல இல்ல, எங்கள்ல ஒருத்தர் வீட்டுப் பின்கட்டுல, நாலு பேர் உக்காந்தோம். ஒரே ஒரு டின். சூப்பர்மார்க்கெட்டுல ஹலால் இல்லாத சாமான் விக்கிற மூலையில போய் வாங்கினோம், 12 வெள்ளி. கவுண்டர்ல நின்ன பொண்ணு நெத்தியில விபூதியையும் கையில டின்னையும் மாத்தி மாத்திப் பார்த்துச்சு. வெக்கமாத்தான் இருந்துச்சு.

இதை டைப் பண்றவர் 30 வருஷமா ஃபேக்டரியில வேலை, இப்ப லைன் சூப்பர்வைசர். ஒரு சாமான் கைக்கு வந்தா முதல்ல லேபிளைப் படிக்கிறது பழக்கமாப் போச்சு. நாங்க வாங்கின டின்னைத் திருப்பினோம். தண்ணீர், பார்லி மால்ட், கோதுமை மால்ட், ஹாப், இஞ்சிச் சாறு, சுவையூட்டி. 330 மில்லி. ஆல்கஹால் 5 சதவீதம். அதுக்குக் கீழ இந்த நாட்டுச் சட்டப்படி போட வேண்டிய வரி: "மெமினும் ஆராக் போலே மெம்பஹாயாக்கான் கெசிஹாத்தான்." ஆராக் குடிப்பது உடல்நலத்துக்குக் கெடுதல். ஆராக்! டின்னே தன்னைச் சாராயம்னு சொல்லுது. நம்ம தம்பிங்கதான் இல்ல இல்ல நீ இஞ்சித் தண்ணின்னு அதுக்கு மறுபேர் வச்சுக்கிட்டிருக்காங்க.

கண்ணாடி டம்ளர்ல ஊத்தினோம். தண்ணி மாதிரி தெளிவா இல்ல, கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கல். பழுத்த எலுமிச்சைத் தோல் நிறம். நுரை நல்லா கெட்டியா, தே தாரேக் நுரை மாதிரி நிக்குது. மோந்து பார்த்தா முதல்ல இஞ்சி. அதுக்கு அடியில வாழைப்பழ வாசனை, கொஞ்சம் கிராம்பு, கொஞ்சம் புளிச்ச மாவு வாசனை. சிங்கப்பூர்ல ஹோட்டல் பார்ல வேலை பார்த்துட்டு வந்த எங்க மருமகன் ஒருத்தர் விளக்கம் சொன்னாரு. அந்த வாழைப்பழமும் கிராம்பும் யாரும் போடறதில்லையாம், சில கோதுமை பீருக்குன்னு உள்ள ஈஸ்ட் புளிக்கும்போது தானா வர்ற வாசனையாம். கோதுமையில புரதம் கூட, அதனாலதான் கலங்கலும் கெட்டி நுரையும். கசப்பு கொடுக்கிற ஹாப்பை இந்த வகையில ரொம்பக் குறைவாத்தான் போடுவாங்களாம்.

ஒரு வாய் குடிச்சோம்.

உண்மையைச் சொல்றோம், நல்லா இருந்துச்சு. இதை மறைச்சு எழுதினா நாளைக்கு எவனும் நாங்க சொல்றதை நம்பமாட்டான். ஜில்லுன்னு, லேசான இனிப்பு, நாக்குல பொரிபொரின்னு. கசப்புன்னு தேடித்தான் பார்க்கணும். முழுங்கின பிறகு தொண்டையில இஞ்சி காரம் மெதுவா வந்து சூடா நிக்குது. அந்தச் சூட்டைத் தணிக்க என்ன வேணும்? இன்னொரு வாய். கை தானா டம்ளருக்குப் போகுது. நாங்க மூணு பேரும் 50 வயசு தாண்டினவங்க, எதுக்காக உக்காந்திருக்கோம்னு தெரிஞ்சு உக்காந்தவங்க. எங்க கையே போச்சு.

மூணு பேர்னு சொன்னோம், நாலாவது ஆள் குடிக்கல. அவர் குடியை விட்டு 11 வருஷம் ஆச்சு. ஸ்டவுட், சம்சு, கள்ளு எல்லாத்தையும் பார்த்தவர். வேலை போயி, மோட்டார் போயி, பெண்சாதி புள்ளைங்க மாமியார் வீட்டுக்குப் போயி, அப்புறம் எப்படியோ முருகன் காலைப் பிடிச்சு எழுந்து வந்தவர். அவர் டம்ளரை எடுத்து மோந்து மட்டும் பார்த்தாரு. கீழ வச்சாரு. எழுந்து போய்க் குழாயில கையைக் கழுவிட்டு வந்து சொன்னாரு: "அந்தக் காலத்துல இது இருந்திருந்தா நான் விட்டிருக்கவே மாட்டேன்."

நாங்க மீதியைச் செடிக்கு ஊத்தினோம்.

இப்ப பானகத்துக்கு வருவோம், ஏன்னா பானகத்தோட இதை ஒப்பிட்டுப் பேசினதுதான் எங்களுக்கு ரொம்பக் கொதிக்குது. ரெண்டையும் குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம். எங்க பானகத்துல சுக்கு முன்னால நிக்கும். வாயில வச்ச உடனே தெரியும். வெயில்ல காவடி தூக்கிட்டு வர்றவர் ஒரு டம்ளர் குடிப்பாரு, ஆன்னு ஒரு மூச்சு விடுவாரு, டம்ளரைக் கொடுத்துட்டுப் போயிடுவாரு. ரெண்டாவது டம்ளர் கேக்குறவங்க குறைவு. கேட்டா அது தாகம். சுக்கு ஒரு அளவுல போதும்னு சொல்லிடும். இந்த டின்ல இஞ்சிக்கு வேற உத்தியோகம் கொடுத்திருக்காங்க. அது பின்னால நிக்குது. முன்னால வர வேண்டிய ஆல்கஹால் காட்டத்தை மூடி மறைச்சுட்டு, தொண்டையில உக்காந்து இன்னொண்ணு வாங்குன்னு கூப்பிடுது. ஒரே இஞ்சிதான், ஆனா ஒண்ணு காவலுக்கு நிக்குது, ஒண்ணு கதவைத் திறந்துவிடுது.

இன்னொரு கணக்கும் போட்டோம். 330 மில்லியில 5 சதவீதம்னா 16.5 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு பெக் விஸ்கி 30 மில்லி, 40 சதவீதம், 12 மில்லி. அப்ப ஒரு டின் "இஞ்சித் தண்ணி" ஒரு பெக் விஸ்கியை விடக் கூட. அந்தப் பையன் மூணு டின் குடிச்சான். நாலு பெக் விஸ்கிக்கு மேல. காலையில இருந்து வெறும் பாலும் பழமும் சாப்பிட்ட வயிறு. அவன் கையில யாராவது விஸ்கி பாட்டிலைக் கொடுத்திருந்தா தொட்டிருப்பானா? மாட்டான். நல்ல பையன். பயந்து ஓடியிருப்பான். படத்துல இஞ்சி இருந்ததாலதான் குடிச்சான். கொடுத்தவங்க அண்ணனுங்க, கூட பால்குடம் எடுத்தவங்களோட கூட்டாளிங்க. "விரதம் முடிஞ்சிடுச்சுல்ல, இது பரவாயில்லடா"ன்னு கொடுத்திருக்காங்க.

இந்த நாட்டுல 2017 டிசம்பர்ல இருந்து 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மதுபானம் விக்கக்கூடாது. கடைக்காரன் அந்தப் பையனுக்கு வித்தா சட்டப்படி தப்பு. கோயில் மதில் ஓரமா நம்ம ஆளுங்க கொடுத்தா?

நம்ம தம்பிங்க சொல்ற ஒவ்வொரு நியாயத்துக்கும் பதில் சொல்லிடறோம்.

இஞ்சி மருந்துதானேங்குறாங்க. ஆமா, இஞ்சி மருந்து. வேப்பெண்ணெயும் மருந்துதான், அதுக்காக யாரும் அதுல பலகாரம் சுடறதில்ல. அஜீரணத்துக்கு இஞ்சி வேணும்னா பசார்ல வாங்கி நசுக்கிப் போடுங்க. ரெண்டு வெள்ளிக்கு ஒரு வாரம் வரும்.

கோதுமை சாப்பாடுதானேங்குறாங்க. கள்ளு தென்னையில இருந்துதான் வந்துச்சு, தேங்காய் உடைக்கிறோம்ல, அதுக்காகக் கள்ளை அபிஷேகத்துக்குக் கொண்டு வருவீங்களா? அரிசியில சாராயம் காய்ச்சுறான், அதுக்காக அதைச் சக்கரைப் பொங்கல்னு சொல்லுவீங்களா?

இது பாரம்பரியமான பானம், வெளிநாட்டுல நூறு நூறு வருஷமா இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. இருக்கட்டும். எங்க மருமகன் அதையும் சொன்னாரு. பெல்ஜியத்துல ஹூகார்டன்னு ஒரு ஊர், அங்க கோதுமை பீர்ல கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடறது பழைய வழக்கம். அந்த ஊர்ல கடைசி ஆலையும் மூடின பிறகு 1960கள்ல பியர் செலிஸ்னு ஒருத்தர் மறுபடி காய்ச்ச ஆரம்பிச்சாரு. அவர் பால்காரரா இருந்தவராம். ஜெர்மனியில பவேரியாவுல 1516ல போட்ட சட்டத்துல பீர்னா பார்லி, ஹாப், தண்ணி, இந்த மூணும்தான். அந்தச் சட்டத்தைப் பிடிச்சுப் பார்த்தா இஞ்சிக்கும் இடமில்ல, கோதுமைக்கும் இடமில்ல. அவங்க ஊர்ல அவங்க சாப்பாட்டோட அவங்க குடிக்கிறது அவங்க பாடு. அதைப் பத்தி எங்களுக்கு ஒரு சண்டையும் இல்ல. ஆனா ஒண்ணு, அவங்க அதைப் பீர்னுதான் சொல்றாங்க.

(ஒரு விஷயம், குழப்பம் வேணாம். ஜிஞ்சர் பீர்னு சில பாட்டில் வருது, ஆல்கஹாலே இல்லாத வெறும் சோடா. அது வேற, இது வேற. பேரை நம்பாதீங்க, லேபிள்ல சதவீதத்தைப் பாருங்க. அதுக்குத்தான் அங்க அச்சடிச்சிருக்கு.)

அடுத்தது பெரிய கேள்வி. முனியாண்டிக்கு நாமளே ஸ்டவுட் வைக்கிறோமே, சுருட்டு வைக்கிறோமே, அப்ப எங்களை மட்டும் ஏன் கேக்குறீங்க? இந்தக் கேள்வி கேட்ட தம்பி புத்திசாலி. நம்ம கோயில் வாசல்ல முனியாண்டி இருக்காரு, வருஷத்துக்கு ஒரு தடவை படையல் உண்டு, எங்க பாட்டன் காலத்துல இருந்து உண்டு. அதைத் தப்புன்னு சொல்ல நாங்க யாரும் இல்ல. தோட்டத்துல காட்டை வெட்டி ரப்பர் நட்ட ஜனங்க, பாம்புக்கும் புலிக்கும் பயந்து எல்லையில ஒரு காவல் தெய்வத்தை வச்சாங்க, தாங்க எதைச் சாப்பிட்டாங்களோ அதையே அவருக்கும் வச்சாங்க. ஆனா தம்பி, அது அவருக்கு வச்சது. பூசாரி வைக்கிறாரு, அவர் பேரைச் சொல்லி வைக்கிறாரு. நீ மதில் ஓரமா வேன் கதவை மூடிக்கிட்டு உள்ள உக்காந்து குடிச்சது எந்தப் படையல்? காவல்காரருக்கு வச்ச சாப்பாட்டை எடுத்துத் தின்னுட்டு, ராத்திரி காவலும் நான்தான்னு சொன்னா முதலாளி விடுவானா? உண்மையிலேயே முனியாண்டியை நினைச்சுக் குடிச்சேன்னா அவர் முன்னால நின்னு குடிச்சிருக்கணும். பின்பக்கம் ஏன் போனே?

விரதம் முடிஞ்ச பிறகு எங்க இஷ்டம்ங்குறாங்க. இதுல பாதி சரி. வீட்டுக்குப் போய் மாலை கழட்டி, குளிச்சு, அப்புறம் உன் இஷ்டம். கோயில் வளாகத்துல, ரதம் உள்ள வந்து தீபாராதனை முடியறதுக்குள்ள, உன் இஷ்டம் இல்ல. அதோட வீட்டுக்கு எப்படிப் போனீங்க? மோட்டார்லயும் காடியிலயும்தானே. 2020ல சட்டத்தைத் திருத்தி, ரத்தத்துல 100 மில்லிக்கு 80 மில்லிகிராம்னு இருந்த வரம்பை 50 ஆக்கிட்டாங்க. ரோட்ல ஊதச் சொன்னா, சார் இது இஞ்சின்னு போலீஸ்கிட்ட சொல்லிப் பாருங்க.

கடைசியா ஒண்ணு சொன்னாங்க. அதுக்குத்தான் எங்களால நிமிர்ந்து பதில் சொல்ல முடியல. "பெரியவங்க நீங்க மட்டும் யோக்கியமா?"

இல்ல. யோக்கியம் இல்ல.

எங்க மூணு பேர்ல ரெண்டு பேர் வீட்டுக் கல்யாணத்துல மண்டபத்துக்கு வெளிய தனி மேசை போட்டு பீர் வச்சோம். வைக்கலன்னா சொந்தக்காரன் மொய் எழுதாமப் போயிடுவான்னு வச்சோம். பையனுக்கு 21 ஆச்சுன்னு கேக் வெட்டி, அவன் கையில முதல் கிளாசை நாங்களே கொடுத்தோம், போட்டோ எடுத்து இதே பக்கத்துல போட்டோம், நீங்களும் வாழ்த்து சொன்னீங்க. பதினாறாம் நாள் காரியத்துல பின்பக்கம் என்ன ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் திருவிழா முடிஞ்சு மேளக்காரங்களுக்கு விருந்து கொடுத்தப்ப ஐஸ் பெட்டியில என்ன இருந்துச்சுன்னு நிர்வாகத்துக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்க பார்த்தோம், பேசாம இருந்தோம். எடுபிடி வேலை பார்க்குற நமக்கு எதுக்கு வம்புன்னு இருந்தோம். இந்த வருஷம் அந்த ஐஸ் பெட்டி விருந்துக்குக் காத்திருக்கல, நேரா மதில் ஓரத்துக்கே வந்துடுச்சு. அவ்வளவுதான் வித்தியாசம். வழி காட்டினது நாமதான்.

இதுக்கு மேலயும் வெக்கப்பட ஒண்ணு இருக்கு. தோட்டத்துல வெள்ளைக்காரன் கள்ளுக்கடையை எங்க வச்சான் தெரியுமா? லயத்துல இருந்து நடந்து போற தூரத்துல. சம்பளத்துல ஒரு பங்கு அப்படியே அந்தக் கடைக்குத் திரும்பிப் போச்சு. 1941ல கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணினப்ப, சம்பளத்தைக் கூட்டுன்னு கேட்டதோட, கள்ளுக்கடையை மூடுன்னும் கேட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, படிப்பில்லாத ஜனங்க, தனக்குப் பிடிச்சதையே மூடச் சொல்லிக் கேட்டிருக்காங்க. யுத்தம் முடிஞ்ச பிறகு கெடாவுல தொண்டர் படைன்னு ஒரு கூட்டம் கிளம்பி, தோட்டம் தோட்டமாப் போய்க் கள்ளுக்கடை வாசல்ல நின்னு மறியல் பண்ணினாங்க. போலீஸ்கிட்ட அடி வாங்கினாங்க. தொண்டர்! நாங்களும் சட்டையில அந்த வார்த்தையைத்தான் அச்சடிச்சு மாட்டியிருக்கோம். அவங்க கடை வாசல்ல நின்னாங்க, நாங்க ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு வேற பக்கம் பார்த்துக்கிட்டிருந்தோம்.

கள்ளுக்காவது ஒரு நாத்தம் உண்டு. குடிச்சவன் வீட்டுக்குள்ள வந்தா பத்தடி தூரத்துல தெரியும், அம்மா திட்டுவாங்க, பாட்டி கதவைச் சாத்துவாங்க. சம்சுவைப் பார்த்தாலே பயம், எத்தனை பேரைக் கொன்னுச்சுன்னு ஊருக்கே தெரியும். ஸ்டவுட் கசப்பு, முதல் வாய்லயே பாதிப் பசங்க துப்பிடுவாங்க. இது ஒவ்வொண்ணும் ஒரு தடுப்பு. இப்ப வந்திருக்கிறது அந்தத் தடுப்பையெல்லாம் ஒவ்வொண்ணாக் கழட்டி எடுத்துட்டு வந்திருக்கு. நாத்தம் இல்ல, இஞ்சி வாசனை. கசப்பு இல்ல. பயமும் இல்ல, படம் அழகா இருக்கு. ஃபேக்டரியில மெஷின்ல கை போகாம இருக்க முன்னால ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். வேலை வேகமா நடக்கணும்னு அதைக் கழட்டி வச்சுட்டு ஓட்டுறவங்க உண்டு. பார்க்கச் சுலபமாத்தான் இருக்கும். விரல் போன பிறகுதான் அந்தக் கம்பியை எங்க வச்சோம்னு தேடுவாங்க.

அந்தம்மா எங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்டதுல எங்களுக்குக் கோபமே இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரி நாங்க யாரும் தூங்கல. இருபது வருஷமா ஜாதி, மதம் பார்க்காம, ரோட்ல போற சீனப் பெரியவர், மலாய்க்கார போலீஸ்காரர் எல்லாருக்கும் டம்ளர் நீட்டினோம். பச்சைப் பிள்ளைக்குக் கூடப் பயமில்லாமக் கொடுத்தாங்க. அந்த நம்பிக்கையில ஒரு விரிசல் விழுந்துச்சு, அது யாரோ ஒருத்தர் பீருக்கு இஞ்சித் தண்ணின்னு பேர் வச்சதால. தம்பிகளா, இதுதான் எங்க சண்டை. குடிக்கிறவனைக் கோயிலை விட்டுத் துரத்தணும்னு நாங்க சொல்லல, அப்படித் துரத்தினா எங்க நாலாவது ஆள் எங்களுக்குக் கிடைச்சிருக்கமாட்டாரு. குடிச்சா குடிச்சேன்னு சொல்லு. பீர்னா பீர்னு சொல்லு. சாமிக்கு முன்னால வாங்கிக் குடிச்சதுக்குச் சாமியோட பிரசாதம் பேரை வைக்காதே.

நிர்வாகத்துக்கு எழுத்துல கொடுத்திருக்கோம். மூணே விஷயம்தான் கேட்டிருக்கோம். திருவிழா அன்னிக்கு மேளக்கார வேன் உள்ள வரும்போதே ஐஸ் பெட்டியைத் திறந்து பார்க்கணும், யார் வேனா இருந்தாலும், நன்கொடையாளர் வேனா இருந்தாலும். விழா முடிஞ்சு கொடுக்கிற விருந்துல கோயில் காசுல ஒரு சொட்டு வாங்கக்கூடாது. பால்குடம், காவடிக்குப் பேர் கொடுக்கிற சின்னப் பசங்களுக்கு விரதத்தைப் பத்திப் பேசும்போது இந்த டின்னையும் காட்டிப் பேசணும், மூடி மறைக்கக்கூடாது. காலி டின் ஒண்ணு கழுவி வச்சிருக்கோம், வேணும்னா எடுத்துக்கலாம். இன்னும் பதில் வரல. கூட்டத்துல பேசுறோம்னு சொல்லியிருக்காங்க. அந்தக் கூட்டத்துக்கு நீங்களும் வாங்க, தலையாட்டுறதுக்கு இல்ல, கேள்வி கேக்க. எங்களையும் கேளுங்க.

சித்ரா பௌர்ணமிக்குப் பந்தல் உண்டு. 80 லிட்டர் பானகம் போடறோம். வெல்லம் 10 கிலோ, எலுமிச்சை 80, ஏலக்காய் கால் கிலோ வேணும். வெல்லம் ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாங்க, மத்தது இன்னும் யாரும் சொல்லல, கொடுக்கிறவங்க இங்கேயே எழுதுங்க. அண்டா முன்னால ஒரு அட்டை வைக்கப்போறோம், உள்ள என்னென்ன போட்டிருக்குன்னு எழுதி. இனிமே எங்களுக்கும் லேபிள் உண்டு.

சுக்கு அரைக் கிலோ வாங்கியாச்சு. அதை இடிக்கிற வேலை இந்தத் தடவை தன் மகனுக்குத்தான்னு அந்தம்மா சொல்லியனுப்பியிருக்காங்க. சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கோம். கண்ணு எரியும்டா, துண்டு எடுத்துட்டு வா.